நல்ல மருமகனுக்கு மிளகாய்ப் புகை

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் புகை அலாரம் அடித்தது. காரணம்? நான் ஒருவரைப் பாராட்டிவிட்டேன்!

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

என் மகள் ஆரணி ஒரு தென்னாப்பிரிக்கப் பையனை மணந்திருக்கிறாள். பெயர் யோஹான். அவர்கள் வீட்டில் ஆஃப்ரிகான்ஸ்தான் பேச்சு. அவனுடைய தாய் எங்களோடு ஒரு கிழமை தங்க, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் சில்க்போர்க்குக்கு வந்தார். எனக்கோ புது ஆட்களைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

மகள் குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, நீங்கள் வாயே திறக்கிறேல்லை. தன்ர மகனை உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு மாமி கவலைப்படுறா."

"ஐயோ, அவன் தங்கமெல்லோ!"

"அதை அவவிட்டச் சொல்லுங்கோவன்."

எப்படிச் சொல்வது? முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடாதா? கண்ணால் திருஷ்டி படுகிற மாதிரி, இது நாக்கால் படுவது. ஆனால் சம்பந்தியின் மனமும் நோகக்கூடாதே...

சரி, அவருடைய மொழியிலேயே சொல்வோம் என்று வேலைக்குப் பஸ்ஸில் போகவர போனில் படித்தேன்.

டேனிஷில் 'பெரிய' என்று சொல்வதற்கே, வரப்போகும் சொல் என்ன பால், ஒருமையா பன்மையா என்று சாதகம் பார்க்கவேண்டும் — ஸ்டோர், ஸ்டோர்ட், ஸ்டோர... ஆஃப்ரிகான்ஸில் அந்தத் தொல்லை இல்லை. 'பிள்ளை நல்லவன்' என்று பின்னுக்கு வந்தால் அடைமொழி பேசாமல் இருக்கும். 'நல்ல பிள்ளை' என்று முன்னுக்கு வந்தால் பலதுக்கு ஒரு வால் முளைக்கும். சிலதுக்கு முளைக்காது. எதற்கு முளைக்கும்? மனப்பாடம்தான்!

'ஹூட்' என்றால் நல்லது. முன்னுக்கு வந்தால் 'ஹூய'. அந்த 'ஹ' அடித்தொண்டையில் உரசவேண்டும். தொழிற்சாலையில் சீஸ் அடுக்கியபடி உரசிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற டேனிஷ்காரி இருமல் மிட்டாய் நீட்டினாள்.

சனி மத்தியானம், சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "ஹெய் இஸ் அ ஹூய சியுன்." அவன் நல்ல பிள்ளை.

சம்பந்தி கரண்டியை வைத்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில்தான். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். யோஹானுக்குக் காது சிவந்தது. இன்னொரு தரமும் சொல்லவைத்தார்.

இத்தனை தரமா? நாவூறு பட்டுவிடுமே! குசினிக்கு ஓடினேன். உப்பையும் செத்தல் மிளகாயையும் அள்ளிவந்து மருமகன் தலையைச் சுற்றினேன். அப்படியே போய்ச் சூடான சட்டியில் போட்டேன்.

அலாரம்! இருமல்! எல்லோரும் பல்கனிக்கு ஓட்டம்.

மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். புகழ்ந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் இந்தப் புகை என்று புரிந்ததும், சம்பந்தி இருமியபடியே என்னைக் கட்டிப்பிடித்தார்.

என் மனுசன் மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்சருமப்பா, நாவூறு பட்டிருந்தா மிளகாயை எரிச்சாலும் நெடி வராது. இப்பிடி எல்லாரும் இருமுறமெண்டா... உம்மட புகழ்ச்சியில ஒரு வலுவும் இல்லை!"

இதற்கா நான் இவ்வளவு பாடுபட்டுப் படித்தேன்?