அன்னபேதி பூசிய கிளை

காரமடைக்குக் கிழக்கே இருந்த பாவாத்தாளின் எலுமிச்சைத் தோட்டம், அவள் கணவன் செங்கோட்டையன் காய்ச்சலில் போன மறுவருசமே வெளுக்கத் தொடங்கியது. இலை நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். பிறகு நுனிக்கொம்புகள் காய்ந்தன. எருவைக் கூட்டிப் போட்டாள். கிணறு வற்ற வற்ற இறைத்தாள். மரம் தேறவில்லை.

கொழுந்தன் பொங்கியண்ணன் வேலிக்கு வெளியே நின்றே அண்ணியிடம் சொன்னான்: “நங்கையா, தப்பா நெனைக்காதீங்க. தாலியறுத்தவங்க காலு பட்டா காய்க்கிற மரம் தாங்காதுங்க. தோட்டத்த நான் பாத்துக்கறேன். நீங்க ஊட்டோட இருங்க.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதையே அவள் முன்பே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றோடு தோட்டத்துக்குள் போவதை விட்டாள். வேலியோரம் நின்று பண்ணையாள் சுப்பையனுக்கு வேலை சொல்வதோடு சரி.

சுப்பையன் பக்கத்து ஊரில் விசாரித்து, கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் வேலை பார்க்கும் வெங்கடபதியை அழைத்து வந்தான்.

“உள்ள வாங்கம்மா” என்றார் வெங்கடபதி.

“நான் வரப்படாதுங்க” என்ற பாவாத்தாள் காரணத்தையும் சொன்னாள்.

அவர் சுப்பையனைக் கூப்பிட்டார். ஒரு மரத்தடியில் குழி தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று மோதியது. அந்தச் சத்தத்தில் அவள் தன்னை மறந்து உள்ளே ஓடினாள். குழிக்குள் வெள்ளை வெளேரென்று சுக்கான்கல். இறங்க வழியில்லாத வேர்கள் பாம்பு போலப் பக்கவாட்டில் முறுக்கிக் கிடந்தன. வெங்கடபதி புட்டியிலிருந்து இரண்டு சொட்டு திராவகம் விட்டார். மண் சீறி நுரைத்தது.

“ஐயோ, மண்ணு கொதிக்குதுங்களே!” என்று அவள் பின்வாங்கினாள்.

“சுண்ணாம்புங்கம்மா. மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் இது வேருக்கு விடாது. மரம் வளந்து வேரு இந்தக் கல்ல எட்டுன பெறகுதான் எலை வெளுக்குது.” இரும்புச் சத்துள்ள பச்சை உப்பான அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து, துணி சுற்றிய குச்சியை நீட்டினார். “ஒரு கெளைக்கு மட்டும் பூசுங்க. நீங்களே பூசோணும்.”

ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பிப் பூசினாள்.

சில வாரம் கழித்துச் சுப்பையன் வாசலில் வந்து கத்தினான். “ஏனுங்க, வெரசா வாங்க!”

மஞ்சள் மரத்தில் அந்த ஒரு கிளை மட்டும் கரும்பச்சையாக நின்றது. பாவாத்தாள் கிட்டே போனாள். சாயம் போகுமா என்பதுபோல் ஓர் இலையை விரலால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்தாள்.

“அப்ப, நானில்லீங்களா?” என்றாள் யாரையும் பார்க்காமல். எத்தனை காலம் தன்னையே நஞ்சென்று நம்பியிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

செய்தி கேட்டு வந்த பொங்கியண்ணன், “மருந்து போட்டா எந்த மரமும் பச்சையாவுமுங்க” என்றான்.

“போட்டது என்னோட கைங்க” என்றாள் அவள்.

அவன் திரும்பிப் போனான்.

சுக்கான்கல் ஆழமில்லாமல் கிடந்த பகுதியின் மரங்கள் பிழைக்கவில்லை. அவற்றை வெட்டிவிட்டுச் சோளம் விதைத்தாள். மற்ற மரங்களுக்குத் துளிர் விடும்போதெல்லாம் அன்னபேதி தெளித்தாள். மறுவருசக் காய்ப்பில் முதல் கூடையைப் பறிக்க வேறு யாரையும் அவள் விடவில்லை.