நிற்பதற்கும் பெற்றோல் வேண்டும்

செய்தி வந்தபோது நான் மொன்றியல் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் தட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்கக் கூடாது. பிலோமினா அக்காவின் மகள் ஷாலினியின் பெயரைக் கண்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் பிரெஞ்சில். அழுகை வந்தால் அவளுக்குத் தமிழ் நிற்பதில்லை. திரும்பி உள்ளே வந்து, பிலோமினா அக்கா பல வருடங்கள் நின்று வேலை செய்த அதே மேசைக்கு முன்னால் நின்றேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அவருக்கும் அக்காவைத் தெரியும்.

உங்களில் பலருக்கும் தெரியும். ரொக்ஸ்பரோவில், டொலார்டில், பியர்பொண்டில் வீடு மாறிய தமிழர்களில் பாதிப் பேருடைய கட்டிலும் அலுமாரியும் அக்காவின் பிக்கப்பில் ஒருநாளாவது ஏறியிருக்கும். கறுப்பு நிறம், நான்கு கதவு, பின்னால் ட்றெய்லர் கொழுவும் கொக்கி. அதில் ஏற அக்கா ஒரு கையால் கைபிடியைப் பிடித்து உன்னித்தான் ஏறுவார். ஆள் அவ்வளவு கட்டை.

அந்த வண்டியை வாங்கியவர் அவருடைய கணவர் அமலதாஸ் அண்ணை. கூரை வேலை செய்தவர். மாரடைப்பில் அவர் போனபின், வண்டியை விற்றுவிடு என்று சொல்லாத ஆளில்லை. மன்னாரிலிருந்து அண்ணையின் தமக்கைகூடத் தொலைபேசியில் சொன்னாராம், பொம்பிளைக்கு எதுக்கு அந்த யானை என்று. வாங்குவதற்கு ஆள்கூட ஒருவர் வீடு தேடி வந்தார். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அந்த வண்டியிலேயே வேலைக்கு வந்து இறங்கினார். வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு இடத்தை அடைத்தபடி அது நின்றது. காவலாளி முறைப்பட்டார். ஒரு மாதத்துக்குள் அக்கா அதை ஒரு கோட்டுக்குள் நிறுத்தப் பழகிவிட்டார். பேந்து லீவு நாட்களில் வீட்டுச் சாமான் ஏற்றத் தொடங்கினார். தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டுமே. அது நான்.

அவருடன் ஓடிய நாட்களில்தான், ஒரு வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பது இத்தனை பேர் இத்தனை விதமாகப் பேசுகிற விஷயம் என்று அறிந்தேன். விற்கும்போது கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், நூறு கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்று. ஓட்டும்போது முன்னால் உள்ள திரை ஒன்று சொல்லும். கோவில் மண்டபத்திலோ பூப்புனித நீராட்டு விழாவிலோ பிக்கப் வைத்திருக்கும் ஆண்கள் கூடினால் அவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். அது எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும். அக்கா எதையும் மறுக்கமாட்டார். "கோடையிலயோ, குளிரிலயோ? வெறுமனவோ, ட்றெய்லரோடயோ?" என்று மட்டும் கேட்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். ஒருவர் வாய் திறந்து தன் வண்டியின் சரியான கணக்கைச் சொன்னால், நல்ல மீன் கிடைத்தது போலச் சந்தோஷப்படுவார்.

அவருடைய முறை ஒன்றும் பெரிதல்ல. தாங்கி நிரம்பி பம்ப் தானாக நிற்கும்வரை அடிப்பார். ஓடுவார். மறுபடி அதே பெற்றோல் நிலையத்தில், அதே பம்பில் அடிப்பார். எவ்வளவு போனது, எவ்வளவு ஓடியது என்று பம்படியில் நின்றபடியே மனதால் வகுப்பார். வகுத்து முடியும்வரை நான் கதைக்கக் கூடாது. குளிரில் எஞ்சின் சூடேற எடுக்கும் நேரம், பனிக்கால ரயர், எதிர்க்காற்று, பின்னால் இழுக்கும் பாரம், இவை ஒவ்வொன்றும் எவ்வளவு குடிக்கும் என்று அவருக்கு ஒரு கணிப்பு இருந்தது. "இஞ்ச வாகனத்துக்கு ரெண்டு வயிறு. கோடைக்கு ஒண்டு, குளிருக்கு ஒண்டு" என்பார். உயரமான ட்றெய்லரைக் கொழுவினால் மூன்றாவது வயிறு திறக்கும் என்பார்.

பிக்கப் வாங்கலாமா என்று அவரிடம் யோசனை கேட்டுப் பலர் வந்தார்கள். ரொக்ஸ்பரோவில் இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர், பார்த்து வைத்துவிட்டேன், கையெழுத்து மட்டும்தான் மிச்சம் என்று வந்தார். அக்கா தன் வண்டித் திறப்பை எடுத்து அவரிடம் நீட்டினார். "ஒரு கிழமை வைச்சிரும் தம்பி. பெற்றோல் மட்டும் நீர் அடியும்." அந்த ஒரு கிழமையும் அக்கா என் காரில் வேலைக்கு வந்தார். அந்தத் தகப்பன் பிள்ளைகளைக் கார்தெரி என்னும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டு, மனைவியை ரயிலடியில் இறக்கி, கடைகளுக்குப் போய், தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு வான் வாங்கினார். வேலி அடிக்கும் தொழில் செய்யும் இன்னொருவரும் அதேபோல் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, பிக்கப்தான் வாங்கினார். அக்காவுக்கு இரண்டும் சந்தோஷம். "வேலை செய்து குடிச்சாக் குடிக்கட்டும்" என்றார்.

இனிச் சொல்லப்போவது பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த கதை. அக்காவைப் பற்றி அன்று சிலர் தவறாகக் கதைத்ததால் முழுவதும் சொல்கிறேன்.

என் தங்கையின் மகள் கஜனி தாதி. அவளுக்கு வடக்கே, வல்-டோரில் உள்ள மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்தது. தை மாதம். கணவன் நிரோஷன், கைக்குழந்தை, வீட்டுச் சாமான். முதலில் குறித்த நாளில் பனிப்புயல் அடித்ததால் பயணம் தள்ளிப்போய், மறுநாள் காலை கஜனி வேலையில் நிற்க வேண்டும் என்ற நிலையில்தான் புறப்பட்டோம். அக்கா ஓட்ட, நிரோஷன் முன்னால், நானும் கஜனியும் குழந்தையும் பின்னால். ட்றெய்லரில் அவர்கள் குடும்பம் முழுவதும் இருந்தது என்று சொல்லலாம்.

மோன்-லோறியேயில் தாங்கியை நிரப்பினோம். அதற்கப்பால் பெரிய காடு. பாதை காட்டுக்குள்ளால் மணிக்கணக்காகப் போகும். இடையில் ஊர் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யாது. நடுவில் ஒரேயொரு பெற்றோல் நிலையம். காட்டுக்குள் நுழைந்ததும் காற்று முகத்துக்கு நேரே வந்தது. ட்றெய்லர் ஒரு சுவர் போல அதை எதிர்த்து நின்றது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தோம். அக்கா கதைப்பதை நிறுத்தி பெற்றோல் முள்ளைப் பார்க்கத் தொடங்கினார். அது அரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

நடுவிலிருந்த பெற்றோல் நிலையம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு லொறி நின்றது. எதிர்ப்பக்கமிருந்து வந்த அதன் சாரதி, மேலே பாதை மோசம், வாகனங்கள் சறுக்கிப் போயிருக்கின்றன என்று சொன்னார். பாதையை மூடிவிட்டார்களா என்று அக்கா கேட்டார். இன்னும் இல்லை என்றார்.

அக்கா வண்டிக்குள் ஏறி, திரும்பிப் போவோம் என்றார்.

நிரோஷனால் நம்ப முடியவில்லை. திரையைத் தொட்டுக் காட்டினான். இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று அதிலே இருந்தது. நாங்கள் போக வேண்டிய தூரத்தைவிட அது கூட. பாதி வழி வந்துவிட்டோம், திரும்புகிற தூரமும் போகிற தூரமும் ஒன்றுதானே என்றான். அவன் சொன்னது பிழையும் இல்லை.

"ஓடுறதுக்குக் காணும் தம்பி" என்றார் அக்கா. "வழியில மறிச்சுப் போட்டாங்கள் எண்டா, நிக்கிறதுக்கும் பெற்றோல் வேணும். விடியும்வரைக்கும் ஹீற்றர் ஓட வேணும். அதுக்குக் காணாது."

அவன் குரல் உயர்ந்தது. நிரந்தர வேலை, முதல் நாள், போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள், உங்களுக்குப் பயமென்றால் நான் ஓட்டுகிறேன் என்றான். கஜனி அழத் தொடங்கினாள். அக்கா பின்பக்கம் திரும்பி அவளிடம் கேட்டார்:

"நீ சொல்லு பிள்ளை. உனக்கு வேலையை நினைக்கப் பயமோ, றோட்டை நினைக்கப் பயமோ?"

"ரெண்டும்தான் அன்ரி."

"சரி. வேலைக்கு நான் கதைக்கிறன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. முள் அசையவேயில்லை போலிருந்தது. அது நிரோஷனை இன்னும் கோபப்படுத்தியது. கிறாண்-றெமுவில் ஒரு மோட்டலில் தங்கினோம். மறுநாள் காலை, கஜனியிடமிருந்து இலக்கத்தை வாங்கி, அவளுடைய மேலாளரை அக்காவே அழைத்தார். அக்காவின் பிரெஞ்சு, சமையற்கூடத்தில் படித்த பிரெஞ்சு. வினைச்சொற்கள் முன்பின்னாக வரும். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் சாரதி, முடிவு என்னுடையது, அந்தப் பிள்ளை வரத்தான் நின்றது, நான்தான் விடவில்லை. இதையே மூன்று விதமாகச் சொன்னார். மறுபக்கத்தில் என்ன சொன்னார்களோ, "மெர்சி, மதாம்" என்று பல தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று வானம் துப்புரவாக இருந்தது. காற்று இல்லை. பாதை இரவு முழுவதும் மூடப்படவேயில்லை என்று பிறகு தெரிந்தது. மதியத்துக்குள் வல்-டோர் போய்ச் சேர்ந்தோம். தாங்கியில் நிறைய மிச்சம் இருந்தது. சாமான் இறக்கும்போது நிரோஷன், "நேற்றே வந்திருக்கலாம்" என்றான்.

"ஓம், வந்திருக்கலாம்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

கஜனியின் வேலை போகவில்லை. ஆனால் கதை போய்விட்டது. பயந்த மனிசி பிள்ளையின் வேலையைக் கெடுக்கப் பார்த்தா என்று என் தங்கையே நாலு பேரிடம் சொன்னாள். தூரப் பயணத்துக்கு அக்காவைக் கூப்பிடுவது குறைந்தது. யாராவது என் முன்னால் அதைக் கதைத்தால் நான் சண்டைக்குப் போவேன். அக்கா என் கையைப் பிடிப்பார். "விடும் சுகந்தி. அதுகள் பயந்ததுகள். பயந்தவைக்கு ஆரையாவது கோபிக்க வேணும்" என்பார். எனக்கு அப்போது அது பலவீனமாகப் பட்டது.

சென்ற கோடையில் அவருக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. மாரி தொடங்கும்போது அவரால் கைபிடியைப் பிடித்து உன்னி ஏற முடியவில்லை. வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஷாலினி அதை வாரத்துக்கு ஒருமுறை ஓட்டிப்போய் வருவாள். திரும்பி வந்ததும் அக்கா கட்டிலில் கிடந்தபடி எவ்வளவு அடித்தாய், எவ்வளவு ஓடினாய் என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வகுக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். காத்திருப்போம்.

கடைசி மாதத்தில் ஒருநாள் பின்னேரம், நான் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தபோது, நிரோஷன் தனியாக வந்து நின்றான். வல்-டோரிலிருந்து ஓட்டிவந்திருந்தான். பூ கொண்டு வந்திருந்தான், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அக்கா இருக்கச் சொன்னார். அவன் இருந்து, தரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்.

இப்போது அவனிடமும் ஒரு பிக்கப் இருக்கிறது. போன மாரியில் மகளுடன் மொன்றியலுக்கு வரும்போது, அதே காட்டுக்குள் ஒரு லொறி குறுக்கே விழுந்து பாதையை அடைத்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் வாகனங்கள். தொலைபேசி இல்லை. இருண்டபின்னும் யாரும் வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருந்தான். நின்ற இடத்திலேயே முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அன்ரி என்றான். பக்கத்துக் காரில் பெற்றோல் முடிந்த ஒரு வயதான தம்பதியையும் தன் வண்டிக்குள் ஏற்றி வைத்திருந்தானாம். இதைக் கஜனிக்குக்கூட முழுவதும் சொல்லவில்லையாம்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "பிள்ளைக்குக் குளிரேல்லையே?"

"இல்லை அன்ரி. நிறைய அடிச்சுப் போட்டுத்தான் காட்டுக்குள்ள வந்தனான். இப்ப எப்பவும் அப்பிடித்தான்."

அவன் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல், உன் வண்டி குளிருக்கு எவ்வளவு குடிக்குது என்று கேட்டார். அவன் சொன்னான். ட்றெய்லரோடு எவ்வளவு என்றார். அதையும் சொன்னான். அக்கா சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சிரித்தார்.

"பொய் சொல்லாமச் சொல்லுறாய்" என்றார். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கா அவன் தலையில் கையை வைத்தார். மருந்துக் குழாய் ஏற்றியிருந்த கை.

அடக்கம் நடந்த அன்று கஜனியும் நிரோஷனும் மகளோடு வந்திருந்தார்கள். என் தங்கையும் வந்து, தேவாலயத்தின் கடைசி வாங்கில் தனியாக இருந்தாள். வண்டியை வேலி அடிப்பவரின் தம்பி வாங்க இருக்கிறார். அவர் தோட்ட வேலை தொடங்குகிறார். ஷாலினி அவரிடம், ஒரு கிழமை வைத்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். அக்காவைத் தெரிந்த எவரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

என்னிடம் அக்காவின் சாமான் எதுவும் இல்லை. நான் வைத்திருப்பது அந்தக் காட்டுக்குள் பார்த்த ஒன்றை. முன்னால் ஒருவன் சத்தம் போட, பின்னால் ஒருத்தி அழ, அக்கா முழங்காலளவு பனியில் இறங்கி நடந்து, நிலத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அந்த நீண்ட வண்டியையும் ட்றெய்லரையும் கொஞ்சம் கொஞ்சமாக, முன்னும் பின்னுமாக எடுத்து, தெற்கு நோக்கித் திருப்பினார். ஒரு உலுக்கல் இல்லை. என் பக்கத்தில் குழந்தை நித்திரையாக இருந்தது. அது விழிக்கவில்லை.