கிழித்துப் போட்ட கடிதமும் வந்து சேர்ந்த பெர்மிட்டும்

பதினைந்து நாளில் அனுபவச் சான்று அனுப்பாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை துபாயிலிருந்து மெயில் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனைத் திறந்து அதே மெயிலைப் படிப்பேன்.

என் பெயர் எஸ்தர். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கிறேன். என் கணவர் அருள் கொத்தனார். நாலு வருஷத்துக்கு முன் சாரம் சரிந்து விழுந்து அவருக்கு இடுப்பு உடைந்தது. அவரை நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததை நான் தினமும் செய்யவைத்தேன். அவர் நடந்தார். அதைப் பார்த்து, நாற்று நட்டு இடுப்பு ஒடிந்த பெண்கள் என்னிடம் வந்தார்கள். காஞ்சிபுரம் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க முறையாகப் படித்து டிப்ளமோ வாங்கினேன். துணை சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் இலவசமாக வகுப்பு எடுத்தேன். பிறகு ஆன்லைனில் துபாயில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள். "இங்கயே வந்துடுங்க, நாங்க இருக்கோம்" என்றார்கள். அங்கே சொந்தமாக வகுப்பு நடத்தும் பெர்மிட்டுக்கு ஒரு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தேன். இனிமேல் சாரம் ஏற முடியாத மனிதருக்கும், பத்தாவது படிக்கும் மகளுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இலவசமாகச் செய்த வேலைக்கு யார் சான்று கொடுப்பார்கள்? ஏஜென்ட் சிரித்தான். "அக்கா, ஒரு ஜிம் லெட்டர் பண்ணிக்கலாம். ரெண்டு வருஷம் வேலை செஞ்சதா போட்டுக்கலாம். யார் வந்து பாக்கப்போறா? இதெல்லாம் நெசம்னு கீழ நீ கையெழுத்து மட்டும் போடு." அந்தக் கடிதத்தை வாங்கி வந்துவிட்டேன்.

அருள் அதைப் படித்தார். "இன்னாமே இது? நீ எப்ப ஜிம்முல வேலை செஞ்ச?"

"வேற வழி இன்னா கீது, சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "காலையில ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினு கீற. மத்தியானம் பொய்க் கையெழுத்து போடப்போறியா?" என்றார்.

கோபத்தில் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, உத்திரமேரூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பொறுமை இல்லை. பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். உத்திரமேரூரில் இறங்கி அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். நிம்மதி வந்ததா? இல்லை.

மறுநாள் சான்று கேட்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நர்ஸ் சிஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. புது சிஸ்டருக்கு என்னைத் தெரியாது. ஒன்பது நாள் போனது. வகுப்பு எடுக்கும்போதே அழுகை வரும். சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். என்னால் அங்கே உட்காரக்கூட முடியவில்லை.

பத்தாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். அந்த நர்ஸ் சிஸ்டர்தான்! "எஸ்தரு, எங்கம்மாவுக்கு மூட்டு வலி, எழுந்து நடக்க மாட்டேங்கிறாங்க. நீ இன்னா சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். விஷயம் கேட்டதும், "ஏம்மா, ஒவ்வொரு மாசமும் உன் பேரு போட்டு நான்தானே ரிப்போர்ட் அனுப்பிக்கினு இருந்தேன். எல்லாம் வட்டார ஆபீஸ்ல கீது. வா, அங்க கீற டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை எடுக்கச் சொல்லி, இரண்டு வருஷமும் மூன்று மாதமும் நான் வகுப்பு எடுத்ததாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஏஜென்ட் எழுதிய பொய்யைவிட என் உண்மை மூன்று மாதம் நீளமாக இருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை, சிஸ்டருடைய அம்மாவுக்கு முழங்காலை நீட்டி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது பெர்மிட் வந்தது.

கடிதத்தைக் கிழித்த பிறகு பெர்மிட் வராமல் போயிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உங்கள் முன் நின்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தப்பட்டிருப்பேன். என் விசுவாசம் அவ்வளவுதான். அதையும் வைத்துக்கொண்டு ஆண்டவர் எனக்கு இரங்கினார்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். இப்போதும் மனசு படபடக்கிறது. ஆனால் காலையில் போனைத் தொடுவதற்கு முன் முழங்கால் போடுகிறேன். உங்களில் யாராவது ஒரு பதிலுக்காகத் தூக்கமில்லாமல் காத்திருந்தால், அமைதி வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நடுக்கத்தோடேயே அவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் தள்ளவில்லை.