என்ன பிரேயர்ஸ்?

இந்த ஊர்த் தமிழனுக்கு எல்லாமே பிரேயர்ஸ்தான். புது வீட்டுக்குக் குடிபோனாலும் பிரேயர்ஸ், பிள்ளைக்குக் காது குத்தினாலும் பிரேயர்ஸ், ஆள் செத்துப் பதினாறாம் நாள் படையல் போட்டாலும் பிரேயர்ஸ். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவள் ஆர்டர் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: என்ன பிரேயர்ஸ்? உஷாராணியும் ஒரு காலத்தில் விடாமல் கேட்டவள்தான். கேட்கிற கேள்வியில் வாடிக்கைக்காரர்களுக்கே எரிச்சல் வரும். பிறகு கடைக்குப் பேர் வந்தது, ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்புக்கு மாறியது, அம்மாளுக்கும் தலைக்கனம் ஏறியது. குரலைக் கேட்டாலே யார் வீட்டுக்கு என்ன வேண்டுமென்று தெரிந்துவிடுமாம்!

தெரிந்த லட்சணம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்துப் போயிற்று. சுங்கை வேயிலிருந்து பழைய சிநேகிதி தனலெட்சுமியின் மகள் தாமரை கூப்பிட்டாள்.

"ஆன்டி, என்ன மாலை அனுப்பியிருக்கீங்க? இன்னிக்கி அப்பாவோட பதினாறாம் நாள் பிரேயர்ஸ். நீங்க ஜோடியா கல்யாண மாலை அனுப்பியிருக்கீங்க. அம்மா அதைப் பாத்துட்டு ரூமுக்குள்ள போனவங்க இன்னும் வெளிய வரல."

உஷாராணி எழுந்துவிட்டாள். "பரமேஸ்வரன் அண்ணனா? ஐயோ, எப்பம்மா?"

"அம்மா உங்களுக்கு வாய்ஸ் போட்டாங்களே ஆன்டி," என்று சொல்லிவிட்டுத் தாமரை போனை வைத்துவிட்டாள்.

போட்டிருந்தாள்தான், போன வாரமே. "உஷா, வர்ற ஞாயிறு வீட்ல பிரேயர்ஸ்மா, மாலை வேணும்" என்பதுவரை உஷாராணி கேட்டாள். பரமேஸ்வரனுக்கு அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணம் செய்து பிரேயர்ஸ் வைக்கணும் என்று தனலெட்சுமி முன்பே சொல்லி வைத்திருந்ததால் மீதியைக் கேட்க இவளுக்குப் பொறுமையில்லை. இப்போது கேட்டாள். ஈப்போவில் தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், எல்லாக் காரியமும் அங்கேயே முடிந்தது, யாருக்கும் சொல்லக்கூட முடியவில்லை என்று தனலெட்சுமி விம்மி விம்மிச் சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே உஷாராணி போட்ட பதில் ஒரு கட்டைவிரல். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு.

தனலெட்சுமி வெறும் வாடிக்கைக்காரி என்றால்கூடப் போகட்டும். சுங்கை வே தொழிற்சாலையில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். வேலை போய் உஷாராணி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பூக்கடை போடச் சொன்னது பரமேஸ்வரன்தான். முதல் வருஷம் முழுக்கத் தன் பழைய வேனில் விடிவதற்குள் பூ மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியதும் அவர்தான். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தது தெரியாமல் அவருக்குக் கல்யாண மாலை அனுப்பியிருக்கிறாள்!

ஏற்கெனவே நனைந்திருந்த மல்லிகைமேல் மறுபடியும் தண்ணீர் தெளித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். புருஷன் கமலநாதனுக்குப் பார்க்கவே தாங்கவில்லை.

"இதுக்கு ஏன் இப்படிப் பதறுறே? புஷ்பவல்லி மாத்திக் கட்டிட்டான்னு சொல்லு லா. வேற மாலை ஒண்ணு அனுப்பிடு, செட்டில்."

பின்னால் பூக் கட்டிக்கொண்டிருந்த புஷ்பவல்லி தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நின்றது. முதலாளியம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் காது இங்கேதான் இருந்தது.

உஷாராணி மறுத்துப் பேசவில்லை. அதுதான் வெட்கக்கேடு. புருஷன் சொன்ன யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. வெள்ளைச் செவ்வந்தியைத் தானே எடுத்துக் கட்டினாள். இரண்டு தடவை நூல் அறுந்தது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபடி வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். கடையில ஆளுங்க மாலைய மாத்திட்டாங்கக்கா. ரொம்பக் கூட்டம்க்கா. புஷ்பவல்லிக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியலக்கா. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஒத்திகையை நிறுத்தவில்லை.

வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அவள் கார்க் கதவைச் சாத்துவதற்குள் தனலெட்சுமியே வெளியே வந்துவிட்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது. இளைத்திருந்தாள். உஷாராணி மாலையை நீட்டினாள்.

தனலெட்சுமி செவ்வந்தி மாலையை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "கடையில யாரோ மாத்திக் குடுத்துட்டாங்களா உஷா? கூட்டத்துல நடக்கும்தான். வா, உள்ள வா."

பாவி மனுஷி, வழியையும் அவளே காட்டுகிறாள்! ஒரு 'ஆமாக்கா' போதும். சிநேகிதம் பிழைத்துவிடும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால் இந்த வாசலில் இனி ஏற முடியுமோ என்னவோ.

"இல்லக்கா," என்றாள். "யாரும் மாத்தல. நான்தான். நீங்க பேசினத நான் முழுசாக் கேக்கவே இல்லக்கா. அண்ணே போனதே இன்னிக்கித்தான் தெரியும்."

தனலெட்சுமியின் முகம் மாறியது. மாலையைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"கேக்கவே இல்லயா?"

"இல்லக்கா."

"இந்த ஒரு வாரமா கார் சத்தம் கேட்டா எழுந்து எழுந்து பாத்தேண்டி. உஷா வருவா, வந்தா அவகிட்ட அழலாம்னு. நீ கேக்கவே இல்லயா?"

உஷாராணியால் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உள்ளே பூசைக்கு வந்தவர் மாலையைக் கேட்டுக் குரல் கொடுத்தார். தாமரை எட்டிப் பார்த்தாள்.

"அவர இருக்கச் சொல்லு," என்றாள் தனலெட்சுமி. கூடாரத்தின் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து உஷாராணியின் முன்னால் போட்டாள். அவள் கண்ணில் இன்னும் கோபம் இருந்தது.

"உக்காரு. இப்பக் கேளு."

உஷாராணி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி காலையில நல்லாத்தான் இருந்தாரு. டீ போட்டுக் குடுத்தேன். சூடு பத்தலன்னு திருப்பிக் குடுத்தாரு..."