பழுத்த பழம் மட்டும்

சுனாமி அலை எங்கள் வீட்டையும் என் புருசனுடைய தோணியையும் கொண்டுபோன பிறகு, தேற்றாத்தீவில் பிரதான வீதிக்கு மேற்கே, வாவிப் பக்கமாகக் குடியேறினோம். இவருடைய தங்கச்சியும் அந்த அலையில்தான் போனாள். இவர் கடலை விட்டு வாவியில் வலை வீசத் தொடங்கினார். எனக்கும் பக்கத்து வளவுப் பெண்கள் மூன்று பேருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அரைக்கும் மெசின் ஒன்று தந்தது. அரிசியும் மிளகாயும் அரைத்துக்கொண்டிருந்த நாங்கள், கொஞ்ச நாளில் கோப்பிக்கொட்டை வறுத்து, மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து அரைத்துப் பைக்கற்றில் விற்கத் தொடங்கினோம்.

கொட்டை ஓட்டமாவடியிலிருந்து வந்தது. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், தனக்கு வரும் மூட்டைகளில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்குவார். பாதிக் கொட்டை கறுத்துச் சுருங்கியிருக்கும். மண் மணம் வேறு. மல்லியைக் கூட்டிப் போட்டு அதை மறைக்கப் பார்த்தோம். ஒருநாள் ஓர் ஆசிரியை பாதிப் பைக்கற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, மல்லித்தண்ணி நன்றாகத்தான் இருக்கிறது, கோப்பி எங்கே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குக் கூடுதலாக உறைத்தது.

சண்டை முடிந்து, பதுளை வீதியால் பயமில்லாமல் போய்வரலாம் என்று ஆனபோது, இந்தக் கொட்டை ஏன் இப்படி இருக்கிறது என்று காக்காவிடம் கேட்டேன்.

"மலையிலருந்து வாறதத்தான் தாறன் தங்கச்சி. மரத்த நானும் கண்டதில்ல," என்றார். பிறகு, "போய்ப் பாப்பமா?" என்று அவரே கேட்டார்.

காக்காவின் சின்ன லொறியில் செங்கலடி, மகாஓயா, பிபிலை என்று காக்காவும் இவரும் நானும் மலையேறினோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று, எங்கள் பக்கத்தில் பன் என்கிற கோரையில் இழைத்த பாய் இரண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

மூட்டை வரும் வழியை விசாரித்து நாங்கள் போய் நின்ற வீட்டில் என் வயதுச் சிங்களப் பெண் ஒருத்தியும் அவள் புருசனும் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் பலாவுக்கும் மிளகுக்கொடிக்கும் இடையே கோப்பிச்செடிகள். எனக்குச் சிங்களம் தெரியாது. காக்காதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறோம் என்று அவர் சொன்னதும், அந்த மனிதர் எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டார்.

அவள் கித்துள் பனைக் கருப்பட்டியோடு கோப்பி தந்தாள். முதல் வாயிலேயே நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு நல்ல கோப்பியை அதுவரை நான் குடித்ததில்லை. இது எந்த மரத்துக் கொட்டை என்று கேட்கச் சொன்னேன். எங்களுக்கு வருகிற அதே மரம்தான் என்றாள். தங்களுக்கென்று சிவக்கப் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிப்பார்களாம். விற்பதற்கென்றால் காயும் பழமுமாக ஒரேயடியாக உருவி, முற்றத்து மண்ணில் காயப்போடுவார்களாம். பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலை என்றால், ஒரு செடிக்கு நான்கு தடவை யார் போவார்கள் என்று கேட்டாள். அதை மொழிபெயர்த்து முடித்த காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அவள் புருசன் திரும்பி வந்தார். எங்களைப் பார்த்துத் தமிழில், "இறங்கு. நட. அடையாள அட்டை," என்றார். சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டுச் சிரித்தார். எங்கள் ஊர்ப் பாலமொன்றடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரராக நின்றவராம். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று காக்கா சொன்னார்.

அந்தப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை நடந்தவர் இவர். இவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. இவர் வாங்குப் பலகையில் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

"இரி எண்டும் ஒரு சொல் இரிக்கு," என்றார்.

காக்கா அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் புருசன் வந்து உட்கார்ந்தார்.

அன்று பின்னேரமே பேசி முடித்தோம். சிவந்த பழம் மட்டும். அதற்கேற்ற விலையைத் தன் லாபத்தைக் குறைத்தாவது தருவதாகக் காக்கா சொன்னார். மண்ணில் காயப்போடாமல் இருக்க என் பாய்களை விரித்துக் காட்டினேன். "பன்," என்றேன். அவள் கோரையைத் தொட்டுப் பார்த்து, "பன்," என்றாள். அவர்களும் அதை அப்படித்தான் சொல்வார்களாம். பிறகு வந்த அறுவடைகளில் எங்கள் பாய்கள் மேலே போயின, அயல் வீடுகள் ஐந்தாறின் கொட்டைகளும் சேர்ந்து கீழே வந்தன. நாங்கள் மல்லியைப் பாதியாகக் குறைத்தோம். அந்த ஆசிரியை மறுபடியும் வாங்கத் தொடங்கினார்.

எங்கள் கோப்பியைக் கேள்விப்பட்டுக் கொழும்புக் கடைக்காரி ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளைதான். முன்னாள் ஆமிக்காரரும் இவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படத்தைப் பைக்கற்றில் போட்டால் நன்றாக விற்கும் என்றாள். மலையில் கேட்டுப் பார்த்தோம், அவர் வேண்டாமென்றார். இவரும் வேண்டாமென்றார். நாங்கள் அப்படித் தோளில் கைபோட்டதில்லை, கோப்பிதான் குடித்தோம் என்பது இவருடைய நியாயம். கடைசியில் 'பழுத்த பழம் மட்டும்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்தோம். அவள் அதையும் வாங்கினாள்.

ஒரு சித்திரை விடுமுறைக்கு அந்த மலைக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவள் அதுவரை கடலைக் கண்டதில்லை. கூட்டிப்போ என்பதுபோல் என் கையைப் பிடித்தாள். அலைக்குப் பிறகு ஏழு வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. விருந்தாளியைத் தனியே அனுப்ப முடியுமா? போனேன். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். நான் முதலில் மணலில்தான் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.