மூக்கக்கா போட்ட முடிச்சு

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு ஓர் ஆஸ்பத்திரி வேலை. பெருக்கித் துடைக்க வந்தவளுக்குக் காயம் கட்டும் அறையில் இடம். ரத்தத்தைக் கண்டு புரளாத வயிறு, நடுங்காத விரல்கள், பெரிய டாக்டரே "அந்தம்மாவைக் கூப்பிடு" என்று சொல்லும் மரியாதை. இத்தனையும் தங்கை ஒற்றை ஆளாய்ச் சம்பாதித்தவை. அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் அக்காவுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். கேட்டாலும் கேட்காவிட்டாலும், வரிசை மாறாமல் சொல்லுவாள்.

ஆஸ்பத்திரியில் தங்கைக்குப் பெயர் மூக்கக்கா. மூக்கில் ரத்தம் கொட்ட வருபவர்கள் எல்லாரும் அண்ணாந்துகொண்டேதான் வருவார்கள்.

"மேல என்ன காக்காவா பறக்குது? குனிங்க. வாய்ல வர்றத முழுங்காம துப்புங்க."

மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுகப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்ப்பாள். அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால்தான் துணி. களிம்பில் ஊறிய நீள நாடாத் துணியை வளைந்த இடுக்கியால் உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலாக மடிப்பு மடிப்பாக அடுக்குவாள். "என்னைத் திட்டணும்னா திட்டுங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க."

ஒரே துளையில் இரண்டு துணி வைக்க நேர்ந்தால், வெளியே நிற்கும் முனைகளைச் சேர்த்து ஒரு முடிச்சு. எடுப்பவர் ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரவேண்டும். யாரும் சொல்லித் தந்ததல்ல. வைப்பது அவள், ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுவது டாக்டர். உதவியாளருக்கு அதில் கட்டமே கிடையாது.

ஒரு லாரி ஓட்டுநருக்கு அப்படி இரண்டு வைத்தாள். "ரெண்டு, சார்" என்று வாய்விட்டும் சொன்னாள். புதிதாய் வந்த டாக்டர், "அசிங்கமா தொங்குதே" என்று முடிச்சைக் கத்தரித்துவிட்டு, ஏட்டில் 'ஒன்று' என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து வேறொரு டாக்டர் ஏட்டைப் பார்த்து ஒன்றை எடுத்தார். மூன்றாவது வாரம் ஓட்டுநர் சீழும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார்.

"பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சோறு திங்க முடியல, அப்படி நாறுது. மனுசனுக்குள்ள எதய்யா விட்டு வச்சீங்க?" என்று அவர் மனைவி கூடத்தையே இரண்டாக்கினாள்.

மேலிருந்து இறங்கிய பழி வழியில் யார்மீதும் தங்கவில்லை. நேரே மூக்கக்காவிடம் வந்தது.

அலுவலக அறையில் கடிதம் தயாராக இருந்தது. 'என் கவனக்குறைவால் ஒரு துணியை உள்ளே விட்டுவிட்டேன்.' கையெழுத்திட்டால் வேலை உண்டு, காயம் கட்டும் அறையில் அல்ல. இடாவிட்டால் எதுவும் இல்லை. வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"முடிச்சு போட்டத எழுதலையே, சார்?"

"அதெல்லாம் எழுதினா ஒரு டாக்டரோட வாழ்க்கையே போயிடும்மா."

"அப்ப எனக்கு இருக்கிறதுக்குப் பேரு என்ன சார்?"

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். துணைக்கு வந்து வாசலில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "போடாதடி!"

"வீட்ல மூணு வாய் இருக்குக்கா. நீ சும்மா இரு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பற்றிய தாளில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். முதலெழுத்தோடு, முழுதாக, கோணாமல். கீழே தேதியும் போடச் சொன்னார்கள். போட்டாள்: 2019 ஜூலை 9.