பூட்டிய கதைகள்

தொலைக்காட்சித் தொடரொன்றில் நாயகியைச் சாகடித்துவிட்டார்கள். அதைப் பொறுக்காத ரசிகைகள் நாங்கள், ஒரு இணையத்தளத்தில் அவளை உயிரோடு வைத்துக் கதைகள் எழுதினோம். நாரந்தனையிலிருந்து நான் எழுதினேன். நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒரு அக்கா என்னைவிட நன்றாக எழுதினார். அவருடைய கதைகளின் கீழே எங்கெங்கோ இருந்த பெண்கள் தங்கள் சொந்தத் துயரங்களையும் எழுதிவைத்தார்கள்.

போன வருடம் தளத்தின் விதிகள் மாறின. தமிழில் இருப்பதைச் சரிபார்க்கத் தங்களிடம் ஆளில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். அக்கா தொலைபேசியில் கேட்டார்.

“என்ர கதையில என்ன கூடாத விசயம் கிடக்கு?”

“ஒண்டுமில்லை அக்கா. அவங்களுக்கு வாசிக்க ஏலாது. அவ்வளவுதான்.”

முறைப்பாடு அனுப்பினேன். இயந்திரம் நன்றி சொன்னது. பிறகு புதிய விதிகளை முழுதாக வாசித்தேன். பூட்டிய எழுத்தை எழுதியவர்களாலேயே திறக்க முடியாது. நிறுவனம் மட்டும் அதை வைத்திருந்து தன் தேவைக்குப் பயன்படுத்தலாமாம். காறித் துப்பாத குறையாக என் கணக்கை அழித்தேன். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டு, சில காரணங்களைக் காட்டி, ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். அருவருப்பு என்பது அதில் இருக்கவில்லை.

அக்காவையும் அழிக்கச் சொன்னேன்.

“நான் அழிக்கமாட்டன். அந்தப் பிள்ளையள் எனக்கு எழுதினதெல்லாம் உள்ளுக்கை கிடக்கு. எண்டைக்காவது திறந்தால்?”

இப்போது அவர் தன் புதுக் கதைகளை வாட்சப்பில் எனக்கு அனுப்புகிறார். வாசிக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.